முழு மரத்தூணில் ஒயர் இழுப்பது எப்படி? பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகள், சோழவந்தான் பக்கத்து அக்ரஹார வீடுகள், மேலூர் தாண்டிப் போனால் காரைக்குடி வரை செட்டிநாட்டு வீடுகள் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண் நிற்கிறது, அதில் ஒரு விளக்கோ கேமராவோ போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்டோ வேண்டும், ஒயர் எந்த வழியாகப் போகும்? சுவராக இருந்தால் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பைப்பைப் பதித்து, பூசி மறைத்துவிடலாம். இரும்புத் தூணாக இருந்தால் உள்ளே ஓட்டை இருக்கும். இது ஒரே மரத்தைச் செதுக்கி நிறுத்தியது, உள்ளே ஒரு நூல் இடம்கூடக் கிடையாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. ஒயருக்கு ஆயுசு இருபத்தைந்து, முப்பது வருடம். தூண் உங்கள் பாட்டன் காலத்திலிருந்து நிற்கிறது, பேரன் காலத்திலும் நிற்கும். அதனால் எதைச் செய்தாலும், நாளைக்கு இன்னொருவர் வந்து தூணுக்குச் சேதமில்லாமல் ஒயரை மட்டும் கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும். பசை போட்டு ஒட்டுவது, சிமெண்ட் வைத்து அடைப்பது, எம்-சீல் வைத்து மூடுவது எதுவும் வேண்டாம்.

தூணுக்கு ஒயர் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பாதி வீடுகளில் தூணைத் தொடவே வேண்டியதில்லை. விளக்குதான் வேண்டும் என்றால் உத்தரத்திலிருந்து தொங்கவிடலாம். உத்தரத்தின் மேல்பக்கம் யார் கண்ணுக்கும் படாது, அதன் மேலேயே ஒயரை ஓட்டிக்கொண்டு வந்து தேவையான இடத்தில் இறக்கினால் வேலை முடிந்தது. பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்துச் சுவர் போதுமா என்று பாருங்கள். தூணில்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தபிறகு மேலே படியுங்கள்.

தூணில் ஏற்றக்கூடாத லோடும் உண்டு. ஏசி, கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு, மோட்டார் இவை எதற்கும் மரத்தூண் வழியாக லைன் வேண்டாம். விளக்கு, சின்ன ஃபேன், கேமரா, 6 ஆம்பியர் பிளக், அவ்வளவுதான். 9 வாட் எல்இடி பல்பு ஐந்து போட்டாலும் 45 வாட், 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட வராது. இந்த அளவுக்கு ஒயர் சூடாகவே செய்யாது. மரத்தைப் பிடித்து எரிய வைப்பது பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன்தான், அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

தூணைச் சோதிப்பது

கரன்ட் வேலைக்கு முன்னால் மர வேலை. ஒரு சின்ன மரச்சுத்தியால் அடியிலிருந்து மேலே வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உள்ளே கரையான் தின்றிருந்தால் சத்தம் பொத்தென்று அமுங்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியை அடிப்பக்கத்தில் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் ஒயரிங்கை மறந்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

தூண் கெடுவது பெரும்பாலும் அடிக்கல்லை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில்தான். தினமும் முற்றத்தைக் கழுவி விடுகிறோம், அந்தத் தண்ணீர் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நிற்கிறது. மரத்தின் நரம்பு வெட்டுப்பட்ட முனை கீழே இருப்பதால் அது தண்ணீரை உறிஞ்சும். ஆகவே ஒயரைத் தரையிலிருந்து தூணுக்குள் ஏற்றவே கூடாது. எப்போதும் மேலிருந்து கீழே. காடியும் தரையிலிருந்து குறைந்தது ஒரு முழத்துக்கு மேலேயே நின்றுவிட வேண்டும்.

நீளவாக்கில் வெடிப்பு இருக்கும் தூண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மரம் காயும்போது வருவதுதான் அது. ஆனால் "இதோ வெடிப்பு இருக்குல்ல, அதுக்குள்ளயே ஒயரச் சொருகிரலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சித்திரையில் விரிந்து ஐப்பசி மழையில் சுருங்குகிற வெடிப்பு அது. உள்ளே ஓரங்கள் சிலாம்பு சிலாம்பாக இருக்கும், ஒயரின் தோலை மெல்ல மெல்ல அறுத்துவிடும். காடி போடுவதும் வெடிப்பிலிருந்து தள்ளித்தான்.

மூன்று வழி, அதில் ஒன்று கூடாது

முதல் வழி, தூணின் மேலேயே ஒட்டினாற்போல் ஒயரை ஓட்டுவது. பழைய காலத்து பேட்டன் ஒயரிங் ஞாபகம் இருக்கும்: தேக்குச் சட்டம், அதில் வரிசையாகத் தகரக் கிளிப், ரப்பர் ஒயர். அந்த ரப்பர் இப்போது தொட்டாலே உதிரும், அதைக் கழற்றிவிட வேண்டியதுதான். ஆனால் முறை நல்ல முறை. இன்றைக்கு அதே இடத்தில் தேக்கிலேயே சின்னதாக ஒரு கேசிங் (ஒயர் உட்காரும் பள்ளச் சட்டம்) செய்து, மேலே மூடி போட்டு ஓட்டலாம். பிவிசி கேசிங் பட்டி மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும், ஆனால் தேக்குத் தூணில் வெள்ளைப் பட்டியைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பாது. சதுரத் தூணுக்கு இந்த முறையே போதும். செதுக்கு வேலை உள்ள தூணுக்கும் இதுதான் சரி, அதை யாரும் வெட்டக் கூடாது.

இரண்டாவது, தூணில் காடி எடுத்து, ஒயரை உள்ளே வைத்து, மரப்பட்டியால் மூடுவது. உருண்டைத் தூணுக்கு இது அழகாக அமையும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

மூன்றாவது, தூணின் உச்சியிலிருந்து நடுவே நீளத் துளை போடுவது. வேண்டவே வேண்டாம். நீளமான துளையாணி மரத்தின் நரம்பு போகிற பக்கம் இழுத்துக்கொண்டு போகும், ஐந்தடி இறங்குவதற்குள் எங்கே வெளியே வரும் என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், உச்சியில்தான் தூணின் கழுந்து (செருகுமுனை) போதிகைக்குள் (தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் கட்டை) உட்கார்ந்திருக்கிறது. மச்சின் பாரம் இறங்குகிற இடம் அது. அங்கே துளை போடுவது வீட்டின் கழுத்தில் கை வைப்பது போல.

காடி எடுத்தால் தூண் பலம் குறையுமா?

எல்லோரும் கேட்கிறார்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 20 செ.மீ. விட்டமுள்ள தூணின் குறுக்குப் பரப்பு சுமார் 31,400 சதுர மி.மீ. காடியை இரண்டு படியாக எடுக்கிறோம்: மேல்படி 30 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழம் (மூடுகிற பட்டி உட்காருவதற்கு); அதன் நடுவில் கீழ்ப்படி 12 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம் (ஒயருக்கு). இரண்டும் சேர்த்து 294 சதுர மி.மீ. மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. நீளவாக்கில் போகிற வரை இந்த அளவுக் காடியைத் தூண் கண்டுகொள்ளாது.

அதே தூணில் சுவரில் பதிப்பதுபோல சுவிட்ச் பாக்ஸைப் பதித்தால்? 75 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம், ஒரே இடத்தில் 12 சதவீதம் போய்விடும், அதுவும் நரம்புகளைக் குறுக்கே அறுத்து. ஆகவே பாக்ஸ் எப்போதும் தூணின் மேலே உட்காரட்டும், உள்ளே போக வேண்டாம். குறுக்குவாட்டில், தூணைச் சுற்றி வளைத்துக் காடி எடுப்பதும் கூடவே கூடாது. ஆங்கிள் கிரைண்டரோடு தூண் பக்கம் வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். சுவருக்குப் பழகிய கை அது, மரத்தில் கருக்கிவிட்டுப் போய்விடும்.

இந்தக் கணக்கு 20 செ.மீ. தூணுக்கு. அதில் பாதி தடிமன் உள்ள மெல்லிய தூண் என்றால் காடியே வேண்டாம், முதல் வழிக்குப் போங்கள்.

கரன்ட்டை நிறுத்துவது

மெயினை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு எழுந்து நிற்கும். அதையும் அணைத்து, அதன் வெளியே போகும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் ஃபேஸிலும் நியூட்ரலிலும் தனித்தனியாக இருக்கும், நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் விளக்கு எரியாது, ஒயரில் மட்டும் கரன்ட் இருக்கும். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்து ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள்.

மரவேலையை நீங்களும் ஆசாரியும் செய்யலாம். போர்டில் கனெக்‌ஷன் கொடுப்பதும் டெஸ்ட் செய்வதும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வேலை, அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவர் வரும்போதே போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தூண் வேலைக்கு முன்னால் அதுதான் முதல் செலவு. பழைய லைன்களில் எர்த் ஒயரே இருக்காது. பித்தளை விளக்கு மாட்டப்போகிறீர்கள் என்றால் எர்த் இல்லாமல் மாட்டாதீர்கள்.

காடி எடுப்பது

எந்த முகத்தில் எடுப்பது? சாரல் அடிக்காத பக்கம், வாசலில் நுழைகிறவர் கண்ணுக்குப் படாத பக்கம். முற்றத்துத் தூண் என்றால் சுவரைப் பார்த்த முகம் பெரும்பாலும் சரியாக வரும்.

கோடு போடுவதில் ஒரு விஷயம். உருண்டைத் தூண்கள் அடியில் பெருத்து மேலே சிறுத்திருக்கும், தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டால் காடி கோணலாகத் தெரியும். மேலே சுற்றளவை அளந்து நடுப்புள்ளி, கீழே அதேபோல் நடுப்புள்ளி, இரண்டுக்கும் நடுவில் காவி தடவிய நூலை இழுத்துக் கட்டி ஒரு சுண்டு. ஆசாரிகள் நூல் அடிக்கிறது என்று சொல்வது இதைத்தான். அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 15 மி.மீ. அளந்து ஓரக்கோடு.

மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் மெஷின் உருண்டையான முகத்தில் ஆடும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் நேரான ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒவ்வொன்றை வைத்து, தூணோடு சேர்த்து மூன்று நான்கு இடத்தில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். மெஷினை அந்த ரீப்பர்கள் மேல் உட்கார வைத்து ஓட்டினால் ஆடாது, நேர்கோடும் பிசகாது. கயிறு குறுக்கே வரும் இடத்தில் மெஷினை நிறுத்தி, கயிற்றை நகர்த்திக் கட்டிவிட்டுத் தொடருங்கள்.

ஒரே ஓட்டில் முழு ஆழமும் எடுக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 3 மி.மீ. போதும். பழைய தேக்கில் மணல் போன்ற சிலிக்கா சத்து இருக்கிறது, பிட்டின் கூர் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பிட்தான் தாங்கும். முதல் ஓட்டில் மேலே இருக்கிற கறுத்த வார்னிஷ் தூளாகப் பறக்கும், அடுத்த ஓட்டில் உள்ளே இருந்து வருகிற சீவல் பொன்னிறமாக, விரலில் லேசாக எண்ணெய்ப் பசையோடு ஒட்டும், வெட்டிய வாசனை முற்றம் முழுக்க நிற்கும். சீவல் அப்படி வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. மாறாகப் பழுப்புத் தூளாக, மாவு போல உதிர்ந்தால் நிறுத்துங்கள், உள்ளே கெட்டுப்போயிருக்கிறது. மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டே வேலை செய்யுங்கள், தேக்குத்தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒத்துக்கொள்ளாது.

மெஷின் இல்லையென்றால் உளியும் கொட்டாப்புளியும் போதும். நேரம் பிடிக்கும், ஆனால் நல்ல ஆசாரி கையில் காடி இன்னும் சுத்தமாக வரும்.

காடியின் கீழ் முனையைச் சதுரமாக முடிக்க வேண்டாம், வட்டமாக முடியுங்கள். சதுர மூலையிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். மேல் முனையைப் போதிகைக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து உத்தரம் வரைக்கும் போதிகையின் பின்பக்கமாக, வெட்டாமல், சின்னத் தேக்குக் கேசிங்கில் ஒயர் ஏறட்டும்.

ஒயர்

230 வோல்ட்டுக்கு 1.5 சதுர மி.மீ. காப்பர், மூன்று கோர், வெளியே இன்னொரு தோல் போர்த்திய ரவுண்ட் கேபிள். தனித்தனி ஒயர் மூன்றை அப்படியே காடியில் போடக் கூடாது, மரத்தோடு உரசுவதற்கு ஒரு தோல் மட்டும் போதாது. எரியும்போது தீயைப் பரப்பாத எஃப்ஆர் ரகம், ஐஎஸ்ஐ முத்திரை, இரண்டும் இருக்கிறதா பாருங்கள். கேபிளின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் கேபிளை வாங்கி அளந்த பிறகு காடி எடுங்கள்.

விளக்கு மட்டும்தான் என்றால் எனக்குப் பிடித்தது 12 வோல்ட் எல்இடி. டிரைவரை (230 வோல்ட்டை 12 ஆக்கும் பெட்டி) மச்சுப் பக்கம் கை எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வைத்துவிட்டு, தூணுக்குள் 12 வோல்ட் மட்டும் இறக்கலாம். ஷாக் பயம் போய்விடும். ஆனால் வோல்டேஜ் இறங்குவதைக் கணக்குப் பார்க்க வேண்டும். 20 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 1.67 ஆம்பியர் ஓடும். டிரைவரிலிருந்து விளக்கு 10 மீட்டர் என்றால், 1 சதுர மி.மீ. ஒயரில் போக வர சேர்த்து 0.6 வோல்ட் போய்விடும், அதாவது 5 சதவீதம், விளக்கு மங்குவது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். 1.5 போட்டால் 0.4 வோல்ட்தான் இழப்பு. எனவே இதற்கும் 1.5தான். 12 வோல்ட்தானே என்று ஃபியூஸைத் தவிர்க்காதீர்கள், ஷார்ட் ஆனால் மரத்தைக் கருக்குவதற்கு அந்த வோல்ட் தாராளமாகப் போதும்.

இப்போது லூஸ் கனெக்‌ஷன் விஷயம். காடிக்குள் ஜாயிண்ட் கூடாது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் நாளாவட்டத்தில் தளரும், தளர்ந்த இடம் சூடேறும், சுற்றிலும் இருப்பது நூறு வருடம் காய்ந்த தேக்கு. மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கீழே பாயிண்ட் வரைக்கும் ஒரே துண்டு கேபிள். ஜாயிண்ட் எல்லாம் பாக்ஸுக்குள், திருகு கனெக்டரில், நாளைக்குத் திறந்து பார்க்கும்படி.

கேபிளைக் காடியில் நிறுத்த ஒரு அடிக்கு ஒரு சின்ன மரச் செருகு, அல்லது பழைய செருப்புத் தோலில் ஒரு துண்டு. கிளிப் ஆணி அடிக்காதீர்கள், அந்த இடுக்கில் சுத்தியல் வழுக்கினால் கேபிள்மேல்தான் விழும். இழுத்து விறைப்பாக வைக்க வேண்டாம். கீழே பாக்ஸில் ஒரு சாண், மேலே ஒரு முழம் உபரி விடுங்கள். முற்றத்தில் சாரல் படும் இடமென்றால் பாக்ஸுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே இறக்கி வளைத்து மேலே ஏற்றி நுழையுங்கள், ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

உத்தரத்தின் மேலே ஓடும் பகுதிக்கு மட்டும் இரும்பு ஃப்ளெக்ஸிபிள் பைப் போடுங்கள். மச்சில் எலியும் அணிலும் குடியிருக்கும், பிவிசியைக் கடித்துத் தீர்த்துவிடும். அந்த இரும்புப் பைப்புக்கும் எர்த் கொடுக்க மறக்க வேண்டாம்.

மூடும் பட்டி

பழைய தேக்கிலேயே பட்டி எடுங்கள். இடிக்கிற வீட்டுச் சாமான் விற்கும் கடையில் உடைந்த ஜன்னல் சட்டம் கிடைக்கும், நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகும். அகலம் 30 அல்ல, 29 மி.மீ. இரண்டு ஓரத்திலும் அரை மி.மீ. இடம் விடுங்கள். பங்குனியில் இறுக்கமாகப் பொருத்திய பட்டி ஐப்பசியில் ஈரம் குடித்து அகலம் கூடினால் போக இடமில்லாமல் நடுவில் எழும்பும். நீளவாக்கில் மரம் அவ்வளவாக மாறாது, அதில் கவலை வேண்டாம்.

உருண்டைத் தூணில் பட்டியின் முகமும் வளைய வேண்டும். 20 செ.மீ. தூணில் 30 மி.மீ. அகலத்துக்கு, நடுவைவிட ஓரம் ஒரு மி.மீ. சொச்சம் தாழும். பட்டியை நடுவில் 6 மி.மீ. இருக்கும்படி எடுத்து ஓரங்களை இழைப்புளியால் தள்ளிவிட்டால் தடவிப் பார்க்கும்போது தூணோடு ஒன்றாக ஓடும்.

பித்தளை ஸ்க்ரூ, அரை அங்குலம், ஒரு முழத்துக்கு ஒன்று, இடது ஓரம் வலது ஓரம் என்று மாற்றி மாற்றி. ஒயர் இருக்கும் நடுப்பகுதியில் ஸ்க்ரூ வரவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் முன்துளை போடுங்கள், பழைய தேக்கில் துளை இல்லாமல் முறுக்கினால் பித்தளை தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், துருவோடு தேக்கைச் சுற்றிக் கறுப்புக் கறை இறங்கும்.

மூடுவதற்கு முன்னால் ஒயர்மேனை மெகர் (ஒயர் தோலின் காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில், பல்பு, டிரைவர், ஆர்சிசிபி எல்லாம் கழற்றிய நிலையில், கண்டக்டர்களுக்கு நடுவிலும் எர்த்துக்கும் 1 மெகா ஓமுக்குக் குறையவே கூடாது. புதுக் கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும், ஒற்றை இலக்கத்தில் நின்றால் எங்கோ தோல் உரிந்திருக்கலாம். பட்டி போட்டு எல்லா ஸ்க்ரூவும் முறுக்கிய பிறகு இன்னொரு தடவை அதே டெஸ்ட். ஸ்க்ரூ எதுவும் கேபிளுக்குள் இறங்கி இரண்டு கண்டக்டர்களைச் சேர்த்திருந்தால் இந்த இரண்டாவது டெஸ்ட்தான் காட்டிக்கொடுக்கும், பலர் முதலோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கடைசியாக லின்சீட் எண்ணெய் இரண்டு கை, நடுவில் ஒரு நாள் காய விட்டு. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறித் துணி தீப்பிடிக்கும். வெயிலில் விரித்துப் போட்டு முழுக்கக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

ஒரு தாளில் எந்தத் தூணில் எந்த முகத்தில் கேபிள் போகிறது, எந்த எம்சிபி, என்ன தேதி என்று எழுதி போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வருடா வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, தூணின் கீழ்ப் பாக்ஸைத் திறந்து கனெக்டர் திருகுகளை இறுக்கி வையுங்கள்.